மன்றில் வைத்த பணம்

காணி ஒன்றைக் குறித்து உடன்பிறந்தார் இருவர் வழக்காடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்புக் கிடைக்கும்வரை அக்காணியின் குத்தகைப் பணம் எவர் கையில் இருத்தல் வேண்டும்? மூத்தவர் கையிற் கொடுத்தால் இளையவர் நம்பார். இளையவர் கையிற் கொடுத்தால் மூத்தவர் பொறார். ஆகவே இருவருக்கும் பொதுவான மூன்றாவது கை ஒன்று தேவையாகின்றது. அந்தக் கைதான் நீதிமன்றத்தின் கை. தந்தையை இழந்த சிறுவர்க்கு மரணசாசனத்தால் வந்த முதுசம், ஈட்டுக் காணியை ஏலங்கூறி விற்ற விலை, கூட்டு வாணிகம் கலைந்தபோது எஞ்சிய முதல் ஆகிய யாவும் உரியவர் இன்னார் என்று முடிவாகும்வரை மன்றிலே வந்து தங்குகின்றன. நீதிபதி தீர்ப்பை எழுதுவார். ஆனால் பணத்தை எண்ணி வாங்கி, பேரேட்டிற் பதிந்து, பெட்டகத்திற் பூட்டுபவர் அவரல்லர். அவருக்குக் கீழுள்ள எழுத்தரும் அலுவலருமே அதனைச் செய்பவர்.

பூனைகளுக்கு அப்பம் பங்கிட வந்த குரங்கின் கதையைச் சிறுபிள்ளைகளும் அறிவர். அந்தக் குரங்காவது தராசை நடுவில் வைத்து, இரு பூனைகளும் பார்த்திருக்கவே அப்பத்தைத் தின்றது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றங்களுள் ஒன்றில், 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தராசும் இல்லை, பார்த்திருப்பவரும் இல்லை. அங்கு நிகழ்ந்தது யாது, அதற்குக் கண்ட பரிகாரம் யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

அந்த மன்றின் பெயர் சான்சரி. நாட்டின் பொதுச் சட்டம் கைவிட்ட இடங்களில் நியாயம் வழங்குவதற்கென எழுந்த மன்று அது. நம்பிக்கைப் பொறுப்புச் சொத்துக்கள், மரணசாசனங்கள், பராயமடையாத பிள்ளைகளின் பாதுகாப்பு என்பன அதன் சிறப்பான அதிகாரத்துள் அடங்கின. அதன் தலைவர் பிரபு சான்சலர். அரசரின் பெருமுத்திரையைக் காப்பவரும், அக்காலத்திற் பிரபுக்கள் சபையில் தலைமையாசனத்தில் அமர்ந்தவரும் அவரே. அவருக்குக் கீழே மாஸ்ரர் எனப்படும் அலுவலர் பன்னிருவர் இருந்தனர். மாஸ்ரர் என்றதும் நம்மவர்க்குப் பள்ளிக்கூடமே நினைவுக்கு வரும். இவர்கள் அத்தகையோர் அல்லர். இடைக்காலத்தில் அரசரின் எழுத்தர்களாயிருந்தவர்களின் வழிவந்தவர்கள். காலப்போக்கில், வழக்கின் கணக்குகளைப் பரிசோதித்துச் சான்சலருக்கு அறிக்கை எழுதுவது அவர்களின் தொழிலாயிற்று. அதனோடு, வழக்கிலே கட்டப்படும் பணத்தையும், முறிகளையும், நகைகளையும் பொறுப்பேற்று வைத்திருப்பதும் அவர்களிடமே வந்து சேர்ந்தது.

எங்கே வைத்திருந்தனர்? இதற்கு ஒரு விதியும் இருக்கவில்லை. மாஸ்ரர் தமது வீட்டில் வைத்தாலும் வைக்கலாம். தமக்கு வேண்டிய பொற்கொல்ல வணிகரிடம் கொடுத்து வைத்தாலும் வைக்கலாம். அக்காலத்து இலண்டனிற் பொற்கொல்லரே பாதி வங்கியாளராயும் விளங்கினர் என்பது நேயர்கள் அறிந்ததே. பணத்துக்கு மாஸ்ரர் பிணை கட்டவில்லை. அவருடைய கணக்கை ஆண்டுதோறும் பார்ப்பாரும் இல்லை. வழக்காளரின் பணத்தை முறிகளில் இடும்படி மன்று குறிப்பாகக் கட்டளையிட்டாலன்றி, அப்பணத்தால் விளையும் வட்டி வழக்காளரைச் சேர்வதில்லை. அது மாஸ்ரரின் பைக்குட் போயிற்று. வழக்கோ ஐந்தாண்டும் பத்தாண்டும் இருபதாண்டும் நீளும். அத்தனை ஆண்டும் பிறர் முதலிலே பயிர் செய்து விளைவைத் தாம் அறுத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

இதனாலேதான் அந்தப் பதவிக்கு ஒரு விலை ஏற்பட்டது. நீதி பரிபாலனத்தோடு தொடர்புடைய பதவிகளை விற்பதும் வாங்குவதும் ஆறாம் எட்வேட் மன்னர் காலத்திலேயே, 1552 இல், சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தன. ஆனாற் சட்டம் ஏட்டிலும் வழக்கம் வீட்டிலுமாக இருந்தன. புதிய மாஸ்ரர் ஒருவர் பதவியேற்கும்போது சான்சலருக்கு ‘அன்பளிப்பு’ ஒன்று கொடுப்பது பல தலைமுறையாக நடந்து வந்தது. முன்னைய சான்சலர்கள் சில நூறு பவுணோடு அமைந்தனர். தொகை ஏறத் தொடங்கியது தோமஸ் பார்க்கர் என்பவரின் காலத்திலாகும்.

தோமஸ் பார்க்கர் ஸ்ரபோட்ஷயர்ப் பகுதியிலுள்ள லீக் என்னும் ஊரில், 1666 இல், ஒரு சட்டத்தரணியின் மகனாகப் பிறந்தார். குலப்பெருமையாலன்றிக் கல்வியாலும் நாவன்மையாலும் உயர்ந்தவர். 1710 இற் பிரதம நீதியரசர், 1718 இற் பிரபு சான்சலர், 1721 இல் மக்கிள்ஸ்பீல்ட் கோமகன் என்று படிப்படியாக மேலேறினார். ஆசனத்திலிருந்து அவர் அளித்த தீர்ப்புக்களைச் சட்ட அறிஞர் பின்னரும் மதித்தே வந்தனர். பணத்துக்காகத் தீர்ப்பைத் திரித்தார் என்று அவருடைய பகைவரும் கூறவில்லை. இந்த ஒன்றை மனத்திற் கொள்ளாது அவர் வரலாற்றைப் படிப்பவர்க்கு அவ்வீழ்ச்சியின் காரணம் விளங்காது. தீர்ப்பிலே நேர்மையாயிருந்த மனிதர் தம் கீழலுவலரின் கணக்கிலே கண்மூடியிருந்தார். கண்மூடியிருந்ததற்கு விலையும் பெற்றார்.

பின்னர் நடந்த விசாரணையில் எல்ட் என்னும் மாஸ்ரர் ஒருவர் அளித்த சாட்சியம் பலராலும் நினைவுகூரப்படுவது. வெற்றிடமாயிருந்த பதவியை விரும்பிய எல்ட், 5,000 பவுண் கொடுக்க ஆயத்தமாயிருந்தார். சான்சலரோ தாம் நேரில் விலைபேச விரும்பவில்லை. பேச்சு அவருடைய செயலாளரான கொற்றிங்ஹாம் என்பவரிடம் போயிற்று. பவுணாகக் கொடுப்பதிலும் கினியாகக் கொடுப்பது அழகாயிருக்கும் என்று அச்செயலாளர் குறிப்புக் காட்டினாராம். கினி ஒன்று 21 சிலிங். பவுண் ஒன்று 20 சிலிங். ஆகவே ‘அழகு’ என்ற அந்த ஒரு சொல்லின் விலை 250 பவுண். எல்ட் பொற்காசுகளையும் வங்கித் தாள்களையும் ஒரு கூடையிலிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடையை மட்டும் பின்னர்த் திருப்பிக் கொடுத்துவிட்டனர். சிறு பொருளில் எத்துணை நாணயம்!

இனித்தான் கதையின் மிகக் கொடிய பகுதி வருகின்றது. ஐயாயிரம் கினிக்கு மாஸ்ரராகப் போகின்றவர் எங்கே போவார்? எல்லாரும் செல்வரல்லர். அதற்கு வழி மிக எளிதாயிருந்தது. பதவியை விட்டுப் போகின்ற மாஸ்ரர், அல்லது இறந்தவரின் சொத்தை நிருவகிப்போர், வழக்காளரின் பணம் முழுவதையும் புதியவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட பணத்திலிருந்தே பதவியின் விலையைப் புதியவர் கொடுத்துவிடலாம். பேரேட்டில் அத்தொகை அவர் பெயரிற் கடனாக நிற்கும், பெட்டகத்திலோ இராது. காவற்காரன் தன் வேலைக்குரிய கையூட்டைத் தான் காக்க வந்த வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தான் என்பதே இதன் பொருள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கு வேலியை நாட்டும் கூலியும் பயிரிலிருந்தே போயிற்று.

இந்த ஏற்பாடு எவருக்கும் தெரியாமல் இன்னும் எத்தனையோ ஆண்டு நடந்திருக்கவுங் கூடும். பேரேட்டிற் பத்தாயிரம் இருக்கப் பெட்டகத்தில் ஐயாயிரமே இருந்தாலும், எல்லா வழக்காளரும் ஒரே நாளில் வந்து கேட்கமாட்டார்கள். முந்தியவர்க்குரிய கட்டளை வரும்போது பிந்தியவர் கட்டிய பணத்திலிருந்து கொடுத்துவிடலாம். இவ்வாறு மறைத்து வந்த ஓட்டையை வெளிப்படுத்தியது 1720 ஆம் ஆண்டின் தென்கடற் கம்பனி வீழ்ச்சி.

தென்கடற் கம்பனியின் கதை தனியொரு பேச்சுக்குரியது. அரசாங்கத்தின் கடனைத் தான் ஏற்றுக்கொள்வதாகக் கூறிய அக்கம்பனியின் 100 பவுண் பங்கு, 1720 சனவரியில் ஏறக்குறைய 128 பவுணுக்கு விலைப்பட்டது. அவ்வாண்டின் நடுக்கோடையில் அது ஆயிரத்தை எட்டும் அளவுக்கு உயர்ந்தது. பிரபுக்களும் பாதிரிமாரும் கடைக்காரரும் பணிப்பெண்களும் பங்கு வாங்க ஓடினர். செப்டெம்பர் முடிவில் விலை 200 பவுணுக்குக் கீழே வந்து விழுந்தது. அந்த ஆசைச் சுழியில் அகப்பட்டவர்களுள் சான்சரி மாஸ்ரர்களும் இருந்தனர். அவர்கள் சூதாடியது தம் சொந்தப் பொருளை வைத்தன்று என்பதே வேறுபாடு.

முதலில் முறிந்தவர் பிளீற்வுட் டோர்மர் என்னும் மாஸ்ரர். பங்குகளிலும், தாம் பணங்கொடுத்து வைத்திருந்த வணிகர் ஒருவர் முறிந்ததிலும் வழக்காளரின் பெருந்தொகையை இழந்துவிட்டு, அவர் ஒல்லாந்துக்கு ஓடினார். அவரிடம் பணம் இருந்த வழக்காளர் மன்றின் வாயிலில் வந்து நின்றனர். கணவனை இழந்தவர்கள், பராயமடைந்து தம் முதுசத்தைக் கேட்க வந்த பிள்ளைகள், கடன்காரர் நெருக்குதலால் வந்தவர்கள் என்று அவர்கள் பலதிறப்பட்டோர். தங்கள் பணத்தை அவர்களாக விரும்பி எவரிடமும் கொடுத்து வைக்கவில்லை. நீதிமன்றம் கட்டளையிட்டதனாலேயே கட்டினர். வணிகனிடம் கொடுத்து இழந்தவன் தன் மதியை நொந்துகொள்ளலாம். மன்றிற் கட்டி இழந்தவன் யாரை நோவது?

அந்த வேளையில் சான்சலர் செய்திருக்க வேண்டியது ஒன்றே. எல்லா மாஸ்ரர்களின் பேரேடுகளையும் அன்றே தருவித்து, பெட்டகங்களைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அவர் அவ்வாறு செய்யவில்லை. செய்திருந்தால் எத்தனை பெட்டகம் வெறுமையாய்க் கிடந்தது என்பது வெளிப்பட்டிருக்கும். அதனோடு பதவியின் விலையும் விழுந்திருக்கும். ஆகவே மற்றை மாஸ்ரர்களிடம் ஆளுக்கு 500 பவுண் பெற்று டோர்மரின் குறையில் ஒரு பங்கை அடைத்தார். குறை முழுவதும் விரைவில் நிரம்பிவிடும் என்ற நம்பிக்கையை மன்றில் ஊட்டினார். இருந்த பணத்தையேனும் எல்லார்க்கும் விகிதப்படி பங்கிட்டிருக்கலாம், அதுவும் நடக்கவில்லை. முந்திக் கட்டளை பெற்ற சிலர் முழுத் தொகையையும் கொண்டுபோக, பிந்தியவர்க்கு வெறுங்கையே மிஞ்சியது. நான்காண்டு இவ்வாறு கழிந்தது. மக்கிள்ஸ்பீல்ட்டின் குற்றங்களுள் அன்பளிப்பு வாங்கியதையே வரலாற்று நூல்கள் பெரிதாகப் பேசும். இந்த நான்காண்டு மூடிமறைப்பே அதனிலும் பெரிது. கூடையிற் போனது 5,000 கினி. மறைத்த காலத்திற் போனதற்கு அளவில்லை.

1724 நவம்பரில் அரசரின் ஆலோசனைச் சபை ஒரு குழுவை நியமித்து மாஸ்ரர்களின் கணக்கைக் கேட்டது. அப்போது சான்சலர் செய்ததாகப் பின்னர்ச் சுமத்தப்பட்ட குற்றம் ஒன்று சுவையானது. குறைவுள்ள மாஸ்ரருக்கு நிறைவுள்ளவர் பணத்தையும் முறிகளையும் இரவல் கொடுத்து, எல்லாப் பெட்டகங்களும் நிறைந்திருப்பதுபோலக் காட்டும்படி அவர் ஊக்கினார் என்பதே அது. பரிசோதகர் வரும் நாளில் அயற்பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து வாங்கில் இருத்திய பழைய கதைகளை இது நினைவூட்டும். அந்த உபாயம் பலிக்கவில்லை. கணக்கெடுத்து முடிந்தபோது மாஸ்ரர்களின் மொத்தக் குறை 80,000 பவுணைத் தாண்டியது. அக்காலத்துப் பவுண் இக்காலத்துப் பவுண் அன்று. ஆண்டுக்கு 20 அல்லது 30 பவுணில் ஓர் எளிய குடும்பம் வாழ்ந்த காலம் அது.

1725 சனவரியில் மக்கிள்ஸ்பீல்ட் பெருமுத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். பெப்ரவரியிற் பொதுமக்கள் சபை அவர்மீது அரசியற் குற்றச்சாட்டுக் கொணர்ந்தது. குற்றச்சாட்டுக்கள் 21. மே மாதம் முழுவதும் பிரபுக்கள் சபையில் விசாரணை நடைபெற்றது. தலைமை வகித்தவர் பீற்றர் கிங் என்னும் நீதியரசர். மக்கிள்ஸ்பீல்ட் தம் வாதத்தைத் தாமே எடுத்துரைத்தார். தாம் பெற்றது விலையன்று, வழக்கமான அன்பளிப்பு. தமக்கு முன்னிருந்தோரும் பெற்றனர். பேரம் எதுவும் பேசப்படவில்லை என்பன அவர் கூறிய நியாயங்கள். வழக்கம் என்பதில் உண்மை இருந்தது. ஆயினும், முன்னையோர் சில நூறு பெற்றதைக் காட்டி ஐயாயிரத்தை நியாயப்படுத்த முயன்றபோது அவர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொண்டார். 93 பிரபுக்களும் ஒருமுகமாகக் குற்றவாளி என்றனர். தண்டம் 30,000 பவுண். அதைச் செலுத்தும்வரை இலண்டன் கோபுரத்திற் சிறை. ஆறு கிழமையளவில் தண்டத்தைக் கட்டி அவர் வெளியேறினார். அந்தத் தொகை பணமிழந்த வழக்காளரின் குறையை நீக்குவதற்கே ஒதுக்கப்பட்டது.

அதே மே மாதத்திலேதான் ஜொனதன் வைல்ட் என்னும் பேர்போன கள்வர் தலைவன் தைபேணிலே தூக்கிலிடப்பட்டான். தன் ஆட்களைக்கொண்டு களவெடுப்பித்து, பொருளை உடையவர்க்கே மீட்டுக் கொடுத்துக் கூலி வாங்கியவன் அவன். ஸ்ரபோட்ஷயர் ஈன்ற பெருங்கள்வர் மூவர்: சிறையுடைத்த ஜாக் ஷெப்பர்ட், ஜொனதன் வைல்ட், தோமஸ் பார்க்கர் என்று இலண்டன் மக்கள் ஏளனம் பேசினர். ஷெப்பர்ட் இலண்டனிலே பிறந்தவன் என்பதை ஏளனம் பொருட்படுத்தவில்லை. ஊர்வாய் இவ்வாறிருக்க, அறிஞர் உலகம் அவரை அடியோடு தள்ளிவிடவும் இல்லை. 1727 இல் ஐசாக் நியூற்றன் இறந்தபோது, வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் அப்பேரறிஞரின் பாடைத் துகிலைத் தாங்கிச் சென்ற அறுவருள் மக்கிள்ஸ்பீல்ட்டும் ஒருவர். அவருடைய மகனான இரண்டாம் கோமகன் வானநூலிற் புகழ்பெற்று, 1752 இல் இங்கிலாந்தின் பஞ்சாங்கத்தைத் திருத்துவதற்கு முன்னின்று உழைத்தார். தந்தை 1732 இற் காலமானார்.

தலைவரைத் தண்டித்தாயிற்று. எனினும் பெட்டகத்தின் பூட்டு அப்படியேதான் இருந்தது. பரிகாரத்தின் முதற்படி 1725 இலேயே எடுக்கப்பட்டது. ஒவ்வொரு மாஸ்ரருக்கும் ஒவ்வொரு பெட்டி செய்து, அதனை இங்கிலாந்து வங்கியின் நிலவறையில் வைக்கும்படி கட்டளை பிறந்தது. பெட்டிக்குப் பூட்டு மூன்று. ஒரு திறவுகோல் மாஸ்ரரிடம், மற்றொன்று மன்றின் ‘ஆறு எழுத்தர்’ எனப்பட்ட அலுவலருள் ஒருவரிடம், மூன்றாவது வங்கியாரிடம். மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. கள்வனுக்கு இது நல்ல பூட்டே. ஆனால் வழக்காளருக்கும் அது பூட்டாகவே முடிந்தது. முறிக்கு வட்டி வாங்க வேண்டுமாயினும், ஒரு சிறு தொகையைக் கொடுக்க வேண்டுமாயினும், மூன்று பெரிய மனிதரை ஒரே நேரத்தில் நிலவறைக்கு அழைத்துவர வேண்டும். ஒருவர் நாட்டுப்புறம் போயிருப்பார், ஒருவர் நோயுற்றிருப்பார். பெட்டிமுறை நெடுங்காலம் நின்றுபிடிக்க இயலாதது என்பது விரைவிலே தெரிந்துவிட்டது.

அதன்பின் வந்ததே 1726 ஆம் ஆண்டுச் சட்டம். முதலாம் ஜோர்ஜ் மன்னரின் 12 ஆம் ஆட்சியாண்டில் நிறைவேறிய அச்சட்டம், கணக்காளர் நாயகம் என்ற புதிய பதவி ஒன்றைச் சான்சரி மன்றிலே உண்டாக்கியது. அப்பதவியின் சிறப்பு யாதெனில், மன்றின் பணம் முழுவதற்கும் கணக்கு எழுதும் அந்த அலுவலர் அப்பணத்தில் ஒரு காசைத்தானும் கையினால் வாங்குதல் கூடாது என்று சட்டமே விதித்தது. வழக்காளர் பணத்தை நேரே இங்கிலாந்து வங்கியிற் கட்டுவார். வங்கி பற்றுச்சீட்டுக் கொடுக்கும். அதனைக் கண்டு கணக்காளர் நாயகம் இன்ன வழக்கின் பெயரில் இவ்வளவு வந்தது என்று பதிவார். பணம் வெளியே போவதற்கு மன்றின் கட்டளை வேண்டும். கட்டளைப்படி கணக்காளர் நாயகம் எழுதிக் கையொப்பமிடும் சீட்டிலே மன்றின் பதிவாளரும் மேலொப்பமிடுதல் வேண்டும். அதன்பின்னரே வங்கி பணத்தைக் கொடுக்கும். பணத்துக்குப் பொறுப்பு வங்கி. கணக்குக்குப் பொறுப்பு கணக்காளர் நாயகம். கட்டளைக்குப் பொறுப்பு மன்று. கணக்காளர் நாயகத்தின் கையொப்பத்தைக் கள்ளமாய் இடுபவனுக்கு மரணதண்டனை என்றும் சட்டம் கூறியது. அக்காலத்து ஆங்கிலச் சட்டம் தண்டனையில் ஒருபோதும் உலோபம் காட்டியதில்லை.

இதில் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. புதிய பதவிக்கு வெளியிலிருந்து ஒரு தூயவரைத் தேடிக் கொணரவில்லை. மாஸ்ரர்களுள் ஒருவரையே அதற்கு அமர்த்தினர். எழுதும் கையையும் வைத்திருக்கும் கையையும் பிரித்துவிட்ட பின்னர், மனிதர் எத்தகையவர் என்பது முன்போல அத்துணை முதன்மையாயிருக்கவில்லை. மாஸ்ரர்களை உத்தமராக்க முயன்றிருந்தால் அம்முயற்சி இன்றும் முடிந்திராது. மாஸ்ரர்களின் முன்னைய குறையை நிரப்புதற்கு மற்றொரு சட்டம் மன்றின் ஆவணங்கள்மீது வரி விதித்தது. முன்னைய வழக்காளர் இழந்ததைப் பின்னைய வழக்காளர் கொடுத்தனர் என்பது இதன் பொருள். இதனை முழு நியாயம் என்று சொல்வது அரிது.

இலங்கையில் வழக்குப் பழகிய குடும்பத்தார்க்கு இம்முறை புதிதாய்த் தோன்றாது. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில், மாவட்ட நீதிமன்றில் ஒரு வழக்கின் பெயருக்குப் பணங்கட்ட வேண்டியவர் அதனைச் சக்கடத்தார் கையிற் கொடுப்பதில்லை. சீட்டைப் பெற்றுக்கொண்டு கச்சேரிக்குப் போவார். சக்கடத்தாரின் கந்தோரிற் கணக்கு. கச்சேரிப் பெட்டகத்திற் பணம். பணத்தை மீட்கவும் நீதிபதியின் கட்டளை வேண்டும். வெயிலில் இரண்டு கந்தோருக்கு நடக்கவேண்டியிருக்கின்றதே என்று பிறக்கிராசியாரிடம் முறையிட்டவர் பலர். அந்த நடை எதற்காக என்பதற்குச் சான்சரியின் கதை ஒரு விடை.

இனி, 1726 இன் பின்னர் யாவும் செம்மையாயின என்று கூறுவதற்கில்லை. களவு நின்றது, தாமதம் நிற்கவில்லை. பிறர் பணத்தின் வட்டியை இழந்த மாஸ்ரர்கள் தம் வருவாய்க்குக் கட்டணங்களையும் படியெழுதும் கூலியையும் நம்பினர். எழுத்துப் பெருகப் பெருகக் கூலியும் பெருகும். ஆகவே ஆவணங்கள் நீண்டன. ஆவணங்கள் நீள வழக்குகளும் நீண்டன. வழக்குகள் நீள, மன்றிற் கிடந்த பணமும் மலைபோற் குவிந்தது. 1726 இல் ஏறக்குறைய 7 இலட்சத்து 40 ஆயிரம் பவுணாயிருந்த வழக்காளர் நிதி, 1818 இல் 3 கோடி பவுணுக்கு மேலாயிற்று. நாடு செல்வத்தில் வளர்ந்ததும் இதற்கொரு காரணம் என்பது உண்மையே. எனினும் ஒரு வழக்கைத் தொடங்கியவரின் பேரப்பிள்ளைகள் அதே வழக்கில் நின்றனர் என்பதும் உண்மை. 1852 இலும் 1853 இலும் பகுதி பகுதியாக வெளிவந்த சாள்ஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ என்னும் நவீனத்தில், சொத்து முழுவதும் வழக்குச் செலவிலே கரைந்துபோனபின் வழக்குத் தானாகவே நின்றுவிடுகின்றது. அக்கதையைப் படித்து ஆங்கிலேயர் சிரித்தனர். சான்சரியில் வழக்குள்ளவர் சிரித்திருக்கமாட்டார். மாஸ்ரர் பதவியை ஒழிக்கும் சட்டமும் அந்த 1852 இலேயே வந்தது.

உரியவர் வந்து கேளாத பணமும் அங்கே சேர்ந்துகொண்டிருந்தது. வழக்காளர் இறந்திருப்பார், அவர் மக்கள் கடல்கடந்து போயிருப்பர், இன்ன மன்றில் இன்ன தொகை தம் பெயரிற் கிடக்கின்றது என்பதையே குடும்பம் மறந்திருக்கும். வங்கியிலே சும்மா கிடந்த ரொக்கத்தை முறிகளிலிட்டு, அதன் வட்டியால் அலுவலகச் செலவை ஈடுசெய்வதற்கு 1739 ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. மாஸ்ரர்கள் களவாகச் செய்ததை இப்போது பாராளுமன்றம் வெளிப்படையாகச் செய்தது என்று சிலர் கூறக்கூடும். அக்கூற்று முற்றிலும் பொருந்தாது. முதல் பேரேட்டில் உள்ளபடியே இருந்தது. கேட்டு வந்தவருக்குக் குறைவின்றிக் கிடைத்தது. வட்டி எவருக்குரியது என்ற வினாவுக்கு மட்டும் வழக்காளர் சார்பில் விடை கூறுவார் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை.

அவ்வாறு திரண்ட மிகுதி நிதியே பின்னர் ஒரு பெருங்கட்டடமாயிற்று. சிதறிக்கிடந்த உயர்மன்றங்களை ஓரிடத்திற் கூட்டுவதற்கு 1865 இல் நிறைவேறிய சட்டங்கள், கட்டடச் செலவின் கணிசமான பகுதிக்கு வழக்காளர் நிதியின் மிகுதியையே நாடின. 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சான்சரியின் கணக்காளர் நாயகம் பதவி நீங்கி, பணப்பொறுப்பு அரசாங்கத்தின் கொடுப்பனவுத் தலைவரிடம் சென்றது. 1875 இற் சான்சரியே ஒரு தனி மன்றாயிருக்கும் நிலை நீங்கி, புதிய உயர்நீதிமன்றின் ஒரு பிரிவாயிற்று. 1882 இல் இலண்டன் ஸ்ராண்ட் வீதியிற் புதிய நீதிமன்ற மாளிகையை விக்ரோறியா மகாராணியார் திறந்துவைத்தார். கணக்காளர் நாயகம் என்ற பெயர் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மீண்டும் வந்தது. இங்கிலாந்தின் மன்றுகளிற் கட்டப்படும் பணத்துக்கு அப்பெயருள்ள அலுவலரே இன்றுவரை பொறுப்பாளராயிருக்கின்றார்.